மணி என்ற சொல்லுக்கு மூன்று பொருள்

ஜேர்மனியிலோ சுவிஸிலோ ஆஸ்திரியாவிலோ வளர்ந்த எல்லோருக்கும் இந்த ஓசை தெரியும். மதியம் 12 மணிக்குக் கோவில் மணி அடிக்கும். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்பதுதான் அதற்கு நாங்கள் கண்ட பொருள். காலையிலும் மாலையிலும்கூட அது அடிக்கும். இடத்துக்கு இடம் நேரம் கொஞ்சம் மாறலாம்.

அந்த மணி நேரம் சொல்வதற்காக அடிப்பதல்ல. வானதூதர் மரியாவிடம் வந்து செய்தி சொன்னதை நினைத்து, செய்கிற வேலையை நிறுத்தி, ஒரு நிமிடம் செபிக்கும்படி ஊரைக் கூப்பிடுகிற மணி அது. எங்கள் அம்மம்மாமாருக்கு அந்தச் செபம் நன்றாகத் தெரியும். அவர்கள் அதைத் திரிகால செபம் என்பார்கள். ஊரில் கோவில் மணி கேட்டால் கிணற்றடியில் நிற்பவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போடுவார் என்று அம்மா சொல்லுவா. அங்கே அடித்த அதே மணிதான் இங்கேயும் அடிக்கிறது. எதற்காக அடிக்கிறது என்பதைத்தான் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழில் மணி என்பது நல்ல சொல். மணிக்கூடு காட்டுவதும் மணி, கோபுரத்தில் தொங்குவதும் மணி, செபமாலையில் கோத்திருப்பதும் மணி. நான் இங்கே எழுத நினைப்பதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

தமிழ்ப் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, என்னைவிட ஏழெட்டு வயது குறைந்த பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்பார்கள்: "எனக்கு அங்க ஒண்டுமே பீல் ஆகேல்லை. பீல் ஆகாமப் போய் முழங்காலில நிக்கிறது நடிப்புத்தானே?" கேலிக்காகக் கேட்பவர்கள் அல்ல. பொய்யாக நடந்துகொள்ளக்கூடாது என்ற எண்ணம் இருப்பதால்தான் கேட்கிறார்கள். அதனால் "அப்பிடிச் சொல்லக்கூடாது" என்று வாயை அடைப்பது சரியில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அவர்கள் நினைக்கும் வரிசை இது: முதலில் மனதுக்குள் ஓர் உணர்வு வரவேண்டும், பிறகுதான் உடம்பு அதைக் காட்டவேண்டும். ஆனால் திருச்சபை நெடுங்காலமாக இதை மறுபக்கத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறது. முதலில் உடம்பு கற்றுக்கொள்கிறது. மனம் பின்னால் வருகிறது. சில நாட்களில் வராமலும் இருக்கிறது. வராத நாளிலும் உடம்பு தன் இடத்தில் நிற்கிறது.

இதில் எதுவும் எழுந்தமானமாக வந்ததல்ல. கி.பி. 325இல் நிசேயா நகரில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கத்தை விசுவாச அறிக்கைக்காக எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதே சங்கம் இன்னொரு சிறிய விடயத்தையும் தீர்மானித்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் உயிர்ப்புக்குப் பிந்திய பெந்தெகொஸ்தே காலத்திலும் முழங்காலில் நிற்காமல், எழுந்து நின்று செபிக்கவேண்டும் என்றது. கிறிஸ்து எழுந்தார், ஆகவே நாமும் எழுந்து நிற்கிறோம் என்பது அதன் கருத்து. பயந்து ஒடுங்குவதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நிமிர்ந்து நிற்பதும் வணக்கம்தான். முழங்காலில் நிற்பது தண்டனையாகக் கிடைத்த வகுப்பறைகளில் எங்கள் பெற்றோர் படித்திருக்கலாம். கோவிலில் முழங்கால் இடுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு எங்கள் பக்கத்திலிருந்தே வருகிறது. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில், வழிபாட்டில் 12 மாற்றங்களைச் செய்ய ரோமாபுரி அனுமதி கொடுத்தது. காலணியைக் கழற்றிவிட்டு வருவது, தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது போன்றவை அதில் இருந்தன. ஊரில் எங்கள் ஆட்கள் அதற்கு முன்பே செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். எரியும் முட்செடிக்கு முன்னால் மோசேயிடம் கேட்கப்பட்டதும் அதுதான்: நிற்கிற இடம் புனிதமானது, காலணியைக் கழற்று. இங்கே மாசி மாதத்தில் கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, உண்மைதான். ஆனாலும் நற்கருணை வாங்க எழும்பும்போது சில ஆச்சிமார் சப்பாத்தை வாங்குக்குக் கீழே கழற்றிவைத்துவிட்டு, தடித்த காலுறையோடு நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாருக்கும் எதையும் காட்டவில்லை. கால் தானாகவே அப்படிச் செய்கிறது.

அடுத்த கேள்வி பெரும்பாலும் செபமாலையைப் பற்றியதாக இருக்கும். "ஒரே வசனத்தை 53 தரம் சொன்னா கடவுளுக்குக் கேக்காதா?" மணி 53 என்பதால் எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயரே ஐம்பத்து மூன்று மணி செபம். பிற சபைகளைச் சேர்ந்த நண்பர்களும் இதைக் கேட்பார்கள், வேதாகமத்தையே காட்டிக் கேட்பார்கள். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், அதிகமாகப் பேசினால் கேட்கப்படும் என்று நினைத்து வீண் வார்த்தைகளை அடுக்கவேண்டாம் என்கிறார் இயேசு. சரிதான். ஆனால் அதற்கு அடுத்த வரிகளில் அவர் செய்வது என்ன? சீடர்களுக்கு ஒரு செபத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். உலகம் முழுவதும் மனப்பாடமாகச் சொல்லுகிற செபம் அது. அதே நற்செய்தியில், கெத்சமனித் தோட்டத்தில், தன் வாழ்க்கையின் மிகக் கடினமான இரவில், மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி அவர் செபித்தார் என்று எழுதியிருக்கிறது. வேதனையின் உச்சத்தில் அவர் புது வார்த்தை தேடவில்லை. ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குப் போவது அவருடைய வழக்கம் என்று லூக்கா சொல்கிறார். வழக்கம் என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். இயேசுவுக்கும் ஒரு வழக்கம் இருந்தது.

அவர் வளர்ந்த மரபே அப்படிப்பட்டது. தானியேல் எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணிக்கு முன்னால் நாளுக்கு மூன்று தரம் முழங்காலிட்டான். அரசன் தடை போட்ட பிறகும் அதே நேரத்தில் அதே இடத்தில் செபித்ததால்தான் பிடிபட்டான். திதக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடு, ஆண்டவர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லும்படி விசுவாசிகளுக்குச் சொல்கிறது. பிறகு துறவிகள் 150 திருப்பாடல்களையும் முறைவைத்துப் பாடினார்கள். வாசிக்கத் தெரியாத உழவரும் தையல்காரரும் அந்த 150க்குப் பதிலாக 150 தரம் சிறு செபத்தைச் சொன்னார்கள். எண்ணுவதற்குக் கையில் மணிகள் இருந்தன. படிப்பறிவு இல்லாதவரையும் வெளியே விடாத வழிபாடு செபமாலை. அதை மந்தமானவர்களின் செபம் என்று நினைக்க எனக்கு மனம் வராது.

இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருவோம். இதைப் பள்ளியில் யாரும் எங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதும் குற்றமாகியது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கே பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் குருவைப் பார்க்காமலே வளர்ந்தது. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் என்ற குரு பிச்சைக்காரர்போல உடுத்திக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர், யாரை நம்பலாம் என்று அவருக்குத் தெரியாது. கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டார். அந்த மணிகளைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் தன் மக்களைக் கண்டுபிடித்தார். பிறகு சில்லாலையில் தங்கி இரவுகளில் பூசை வைத்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் போனார்.

இந்தக் கதையில் எல்லோரும் யோசேவ் வாஸின் துணிவைப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கதவைத் திறந்தவர்கள் ஞாபகம் வருவார்கள். 30 ஆண்டுகளாகக் கோவிலும் இல்லை, குருவும் இல்லை. ஆனாலும் ஒரு பிச்சைக்காரனின் கழுத்தில் கிடந்த மாலை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எங்களை இங்கே யாரும் தடுக்கவில்லை. கோவில்கள் திறந்திருக்கின்றன, வாங்குகள்தான் வெறுமையாக இருக்கின்றன. ஒரே குரு பல பங்குகளைப் பார்க்கிறார். தமிழ்ப் பூசை பல ஊர்களில் மாதத்துக்கு ஒரு தரம்தான். மிச்ச நாட்களுக்கு என்ன செய்வது என்பதே எங்கள் முன்னால் உள்ள கேள்வி. யாழ்ப்பாணத்தில் 30 ஆண்டுகள் விசுவாசத்தைச் சுமந்தது வீடு என்றால், இங்கேயும் வீடுதான் சுமக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் இரவு எட்டரைக்குச் செபம். அப்பாவுக்கு இரவு வேலை இருக்கும் வாரங்களில் ஏழு மணிக்கு. வரவேற்பறை மூலையில் மாதாவின் படம், ஒரு மின்விளக்கு, அதற்கு முன்னால் ஒரு பாய். மேல்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்யாதபடி மெதுவாகத்தான் பாடுவோம். செபம் முடிந்ததும் அம்மா எங்கள் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவா. நித்திரை தூங்கியபடி சொன்ன நாட்கள்தான் அதிகம். சொற்கள் பலவும் விளங்கியதில்லை. அம்மம்மா சர்வேசுரன் என்றா, அம்மா ஆண்டவர் என்றா, பள்ளிக்கூடத்தில் கொட் என்றார்கள். மூன்றும் ஒருவரையே குறிக்கிறது என்பது பிடிபடவே கொஞ்சக் காலம் எடுத்தது.

படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போனபோது, என் அறையில் செபமாலையை மேசை விளக்கில் தொங்கவிட்டேன். இரவில் ஒரு பத்து மணி மட்டும் சொல்வேன், ஐந்து நிமிடமும் ஆகாது. பரவசமோ கண்ணீரோ வந்ததில்லை. பல் துலக்குவதுபோல அதையும் செய்தேன் என்று சொன்னால் யாரும் கோபிக்கவேண்டாம்.

ஒரு மாசி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அம்மம்மா இறந்துபோனா. பரீட்சை, விமானச் சீட்டு, அப்பாவின் விடுமுறை என்று எதுவும் ஒத்துவரவில்லை. எங்களில் யாராலும் போக முடியவில்லை. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே அதிகாலை நாலரை. இருட்டில் கட்டிலில் இருந்து கைபேசியில் செத்தவீட்டைப் பார்த்தேன். யாரோ ஒரு மாமா போனைப் பிடித்திருந்தார். படம் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மம்மாவைச் சுற்றி இருந்தவர்கள் 53 மணி சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில் சொந்தமாக ஒரு செபம் செய் என்று யாராவது கேட்டிருந்தால் என் வாயில் ஒரு சொல்லும் வந்திருக்காது. நான் யோசிப்பது ஜேர்மன் மொழியில். அந்த மொழியில் எனக்கும் அம்மம்மாவுக்கும் இடையில் ஒன்றுமே இருந்ததில்லை. ஆனால் விளக்கில் தொங்கிய மாலையை எடுத்ததும் விரலும் வாயும் தாமாகவே தொடங்கின. இரண்டாம் பத்தில் இணைப்பு அறுந்தது. நான் நிறுத்தவில்லை. திரும்பவும் சத்தம் வந்தபோது அவர்கள் நாலாம் பத்தில் இருந்தார்கள், நானும் அங்கேதான் இருந்தேன். அந்த வேகம் அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து எனக்கும் வந்தது. எட்டாயிரம் கிலோமீற்றருக்கு இப்பால் நின்றும் நான் அந்தச் சுற்றில் இருந்தேன்.

பீல் ஆகவில்லை என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். உணர்வு வரும்போது சொற்களைத் தேடினால் சொற்கள் கிடைக்காது. சொற்களும் பழக்கமும் முதலே வீட்டில் இருக்கவேண்டும். அம்மா ஒவ்வொரு நாளும் சமைப்பது ஒவ்வொரு நாளும் பாசம் பொங்குவதால் அல்ல. ஆனால் அந்தச் சமையலை யாரும் நடிப்பு என்று சொல்வதில்லை.

"நான் எங்கே வேண்டுமானாலும் செபிப்பேன், எனக்கு நேரம் காலம் தேவையில்லை" என்பவர்களும் உண்டு. அவர்கள் சகோதரர் லாரன்சைப் பற்றி வாசிக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தின் குசினியில் சமையல் வேலை செய்தவர். சட்டிபானைகளுக்கு நடுவிலும் கடவுளோடு இருக்க முடியும் என்று காட்டியவர். ஆனால் அவர் வாழ்ந்தது செப நேரங்களுக்கு மணி அடிக்கும் மடத்தில். நாளின் சில நேரங்கள் கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த வீட்டில்தான் மற்ற நேரங்களும் அவருக்கு அப்படி மாறின.

ஆவணி மாதத்தில் நீங்களும் கெவலார் போயிருப்பீர்கள். ஜேர்மனியின் எல்லாப் பக்கங்களிலிருந்தும், ஒல்லாந்து, பிரான்ஸ் போன்ற இடங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் தமிழர் வருவார்கள். சைவச் சனமும் வரும். சேலை, வேட்டி, சோற்றுப் பொட்டலம், பல வருடம் காணாத சொந்தக்காரர் என்று அன்றைக்கு அந்தச் சிறு நகரம் மடுவாகிவிடும். எனக்கும் அந்த நாள் விருப்பம். ஆனால் அங்கே எல்லோரும் பார்க்க வந்த பொருள் எவ்வளவு சின்னது என்று கவனித்தீர்களா? 1641இல் ஹென்றிக் புஸ்மான் என்ற வியாபாரி, வழியோரச் சிலுவைக்குப் பக்கத்தில், இந்த இடத்தில் எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு என்ற குரலைக் கேட்டார் என்பது வரலாறு. 1642இல் அங்கே வைக்கப்பட்டது, கடதாசியில் அச்சிட்ட ஒரு சிறிய மாதா படம். தபாலட்டை அளவுதான் இருக்கும். சிற்றாலயத்தின் யன்னலுக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்புபவருக்கு அது கண்ணில் படாது.

பக்தி அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வருடத்துக்கு ஒரு நாள் கூட்டத்தோடு போவது நல்லது. ஆனால் நின்று பார்க்கும் பழக்கம் மிச்ச 364 நாட்களில்தான் வரும்.

எனவே சில யோசனைகள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்கவேண்டாம். அப்படித் தொடங்கியது தவக்காலம் முடியும்வரைகூட நிற்காது.

ஒரு நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். வசதியான நேரத்தைவிட மாறாத நேரம் நல்லது. கைபேசியில் எதற்கெல்லாமோ அலாரம் வைக்கிறோம், இதற்கும் ஒன்று வைக்கலாம்.

ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு சிலுவையும் ஒரு சின்ன விளக்கும் போதும். அந்த இடத்தில் உடுப்பைக் குவிக்காமல் இருப்பதே முதல் மரியாதை.

ஒரு செபத்தையாவது தமிழில் முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேளுங்கள். மற்றவற்றை எந்த மொழியிலும் சொல்லலாம், தடையில்லை.

கோவிலுக்குப் பத்து நிமிடம் முதலே போங்கள். தமிழ்ப் பூசைக்கு எங்கள் ஆட்கள் வருகிற நேரம் உங்களுக்கே தெரியும், அதை மாற்றக்கூடியவர்கள் நீங்கள்தான். நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்பதற்கு அடையாளம் அது. அதைப் பார்த்து, அவசரப்படாமல், முழங்கால் தரையில் படும்படி வணங்குங்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணித்தியாலம் எதுவும் சாப்பிடாமல் இருக்கும் ஒழுங்கு இன்றும் உண்டு. தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. வயிறும் காத்திருக்கப் பழகட்டும். நற்கருணை வாங்கியபின் போனை எடுக்காமல் இரண்டு நிமிடம் அமைதியாக இருந்து பாருங்கள். பிரான்சில் தேசே என்ற கிராமத்துக்குக் கோடையில் வாரந்தோறும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். அங்கே நாளுக்கு மூன்று முறை மணி அடிக்கும், செபத்தின் நடுவில் பல நிமிடம் எல்லோரும் மௌனமாக இருப்பார்கள். இளையவர்களுக்கு அமைதி பிடிக்காது என்பது பெரியவர்களின் எண்ணம் மட்டுமே.

கடைசியாக, வீட்டில் இன்னும் இரவுச் செபம் நடக்கிறது என்றால், எட்டரைக்கு யாரும் கூப்பிடமுன் நீங்களே போய்ப் பாயை விரியுங்கள். ஒரு பத்தை நான் சொல்லுறன் என்று அம்மாவிடம் கேளுங்கள். தடக்கினால் அவ எடுத்துக்கொடுப்பா. வீட்டில் அந்த வழக்கம் நின்றுபோயிருந்தால், அதைத் திரும்பவும் தொடங்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.